20 பைட் பேக்கப்: ஒற்றை சர்வரில் ஓடும் செயலியை இனி எப்படிப் பராமரிப்பது?

#1 கட்டுமரம்

வணக்கம் நண்பர்களே. போன வாரம் என் கையால் நடந்த ஒரு தவறைச் சொல்லி ஆலோசனை கேட்க வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும்.

ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு ஆர்டர் எடுக்கிற வலைச் செயலியை நான்கு வருடமாகத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறேன். செயலி பைத்தானின் ஜாங்கோவில், டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், முன்னால் வலைக் கோரிக்கைகளை வாங்கிக் கொடுக்க என்ஜின்எக்ஸ். எல்லாமே 4 ஜிபி ரேம் உள்ள ஒரே சர்வரில் ஓடுகிறது. டிப்ளாய் (புதிய கோடை ஓட்டத்துக்குக் கொண்டுவருவது) என்றால் சர்வருக்குள் நுழைந்து கிட் புல் (புதிய கோடை இழுப்பது), பிறகு மைக்ரேட் (டேட்டாபேஸ் அமைப்பை மாற்றுவது), பிறகு ரீஸ்டார்ட். இத்தனை வருடமும் அது போதுமாகத்தான் இருந்தது.

செவ்வாய் இரவு கடை மூடிய பிறகு ஒரு மைக்ரேஷன் ஓட்டினேன். ஆளுக்கு ஆள் மாறும் தனி விலைகளைப் புதிய டேபிளுக்கு நகர்த்திவிட்டுப் பழைய டேபிளை நீக்குவது அதன் வேலை. என் மடிக்கணினியில் பிசகில்லாமல் ஓடியது, ஏனென்றால் நான் உருவாக்கிய சோதனைத் தரவில் எல்லா வாடிக்கையாளருக்கும் ஜிஎஸ்டி எண் இருந்தது. நிஜத்தில் சின்னக் கடைக்காரர்கள் பலருக்கு அந்த இடம் காலி. என் கோட் அவர்களையெல்லாம் தாண்டிப் போய்விட்டது. விலைகள் நகரவில்லை, பழைய டேபிளும் போய்விட்டது.

பேக்கப் இருக்கிறதே என்று அப்போதுகூடப் பதறவில்லை. தினமும் இரவு 2 மணிக்கு வேறொரு சின்ன சர்வரிலிருந்து, டேட்டாபேஸை நகலெடுக்கும் பிஜி டம்ப் ஓடி, ஜிஜிப்பில் சுருங்கி, தேதி போட்ட கோப்பாகச் சேரும். ஃபோல்டரைத் திறந்தேன். கோப்புகள் வரிசையாக இருந்தன, ஒரு தேதிகூட விடுபடவில்லை. எல்லாமே 20 பைட்.

காரணம் இதுதான்: போஸ்ட்கிரெஸ் 13-க்கு 2025 நவம்பரோடு ஆதரவு முடிந்ததால் பிரதான சர்வரை 16-க்கு மாற்றினேன். பேக்கப் எடுக்கிற சர்வரில் பிஜி டம்ப் 13-லேயே நின்றுவிட்டது. பழைய பிஜி டம்ப், தன்னைவிடப் புதிய டேட்டாபேஸைக் கண்டால் பதிப்பு பொருந்தவில்லை என்று சொல்லி நின்றுவிடும். அந்தச் செய்தியை நானே டெவ் நல்லுக்கு, அதாவது எதுவும் மிஞ்சாத குப்பைத் தொட்டிக்குத் திருப்பி வைத்திருந்தேன். பதிப்பு மாற்றிய நாளிலிருந்து எனக்கு ஒரு பேக்கப்கூட இல்லை.

சர்வர் கொடுக்கும் நிறுவனம் ஞாயிறுதோறும் எடுக்கிற டிஸ்க் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து முழு நகல்) காப்பாற்றியது. விடுபட்ட விலைகளை அதிலிருந்து எடுத்தேன். திங்களும் செவ்வாயும் மாறிய விலைகளைக் கடைக்கார அண்ணனின் வாட்ஸ்அப்பைப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "ரெண்டு நாள் கணக்குதானே தம்பி, உட்காரு, நான் வாசிக்கிறேன், நீ அடி" என்றார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தாது.

இனி டாக்கர் (செயலியைத் தேவையானவற்றோடு கண்டெய்னர் என்ற ஒரே பொட்டலமாக ஓட்டும் கருவி), குபர்னெட்டீஸ் (பல கண்டெய்னர்களைப் பல சர்வர்களில் நிர்வகிக்கும் அமைப்பு) என்று மாறிவிடலாமா? தனியாளாக இருப்பவர் முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும்?

#2 மின்தூக்கி

மனசு கஷ்டமாக இருக்கிறது நண்பா. ஆனாலும் தரவு திரும்பி வந்ததே, அதுவே பெரிது.

என் கருத்து: கையால் செய்கிற எல்லாமே ஒருநாள் தவறும். செயலியைக் கண்டெய்னருக்குள் போடுங்கள். டேட்டாபேஸை ஏதாவது கிளவுட் நிறுவனத்தின் நிர்வகிக்கப்படும் சேவைக்கு மாற்றிவிடுங்கள், பேக்கப் அவர்கள் பொறுப்பு. வளர்ந்தால் குபர்னெட்டீஸ். எங்கள் அலுவலகத்தில் இப்படி மாறிய பிறகு ராத்திரி போன் வருவது நன்றாகக் குறைந்துவிட்டது.

#3 பனையோலை

தம்பி கட்டுமரம், உங்கள் கதையைப் படித்ததும் எனக்குக் கோடைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்லேப்பின் ஞாபகம்தான் வந்தது. 15 வருடமாக டேட்டாபேஸ் வேலை பார்க்கிறேன், புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு முதல் வாரம் நான் சொல்லும் கதை அது. உங்களுக்கு நடந்தது கிட்டத்தட்ட எழுத்துக்கு எழுத்து அங்கேயும் நடந்தது.

2017 ஜனவரி 31. கிட்லேப்பில் பிரதான டேட்டாபேஸ் ஒன்று, அதன் நகல் ஒன்று. பளு கூடி, நகல் பின்தங்கிவிட்டது. இரவு 11 மணி வாக்கில் ஒரு பொறியாளர், நகலைப் புதிதாகத் தொடங்குவதற்காக அதன் தரவு ஃபோல்டரை அழிக்கப் போனார். அவர் திறந்து வைத்திருந்த முனையம் பிரதான சர்வருடையது. ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்திவிட்டார். 300 ஜிபி அளவில் இருந்ததில் மிஞ்சியது சுமார் 4.5 ஜிபி.

சரி, பேக்கப்பைப் பார்ப்போம் என்று போனார்கள். அமேசானின் எஸ்3 சேமிப்பிடத்தில் பிஜி டம்ப் கோப்புகள் இருக்க வேண்டும், அங்கே காலி. ஏன் தெரியுமா? டேட்டாபேஸ் 9.6, ஓடிய பிஜி டம்ப் 9.2. தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றால் மின்னஞ்சல் வர வேண்டும். அந்த மின்னஞ்சல்கள் கையொப்பம் இல்லாதவை என்பதால் போலி அனுப்புநர்களைத் தடுக்கும் டிமார்க் விதிப்படி நிராகரிக்கப்பட்டன, யார் கண்ணிலும் படவில்லை. மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஷூரின் டிஸ்க் ஸ்னாப்ஷாட் டேட்டாபேஸ் சர்வர்களுக்கு இயக்கப்படவே இல்லை. கடைசியில் கைகொடுத்தது, வேறொரு சோதனைக்காகச் சுமார் ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுக்கப்பட்ட ஒரு எல்விஎம் (லினக்ஸின் டிஸ்க் மேலாண்மை) ஸ்னாப்ஷாட். அதை வேகம் குறைந்த டிஸ்க்கிலிருந்து நகலெடுத்துத் தளத்தை மீட்க அடுத்த நாளாகிவிட்டது. அந்த ஆறு மணி நேரத்துத் தரவு திரும்பவே இல்லை. கிட் களஞ்சியங்கள் தப்பின, ஆனால் அந்த இடைவெளியில் பதிந்த கருத்துகளும் புதிய பயனர் கணக்குகளும் போயின.

மீட்பு வேலையை அவர்கள் யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். பிறகு எழுதிய அறிக்கையில் அந்தப் பொறியாளரைக் 'குழு உறுப்பினர் 1' என்று மட்டும் குறிப்பிட்டார்கள். அதை நான் மிகவும் மதிக்கிறேன். தவறு ஒரு மனிதருடைய விரலில் தொடங்கலாம், ஆனால் அந்த மின்னஞ்சல்களைக் கவனிக்காமல் விட்டது முழு ஏற்பாடும்தான்.

ஆகவே நீங்கள் கேட்ட 'முதலில் எது' என்பதற்கு என் பதில்: மீட்டெடுத்துப் பார்ப்பது. மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் ஸ்கிரிப்டில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. பிஜி டம்ப் தோற்றாலும் குழாயில் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குத் தரும் இணைப்பில்) அடுத்து இருக்கிற ஜிஜிப் வெற்றி என்று சொல்லும். ஷெல் கடைசிக் கட்டளையின் விடையை மட்டும்தான் பார்க்கும். வெறும் உள்ளீட்டைச் சுருக்கினால் ஜிஜிப் தரும் கோப்பு சரியாக 20 பைட், தலைப்பும் வாலும் மட்டும். ஸ்கிரிப்டின் மேலே பைப்ஃபெயில் (குழாயில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் அமைப்பு) போட்டிருந்தால் முதல் நாளே தோல்வி என்று சொல்லியிருக்கும்.

அப்புறம் வாரம் ஒருமுறை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் தானாகவே கடைசி பேக்கப்பை ஒரு தனி டேட்டாபேஸில் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு, கடைசி ஆர்டர் எந்த நேரத்தில் பதிவானது என்று கேளுங்கள். அது நேற்றைய ஆர்டராக இருந்தால் உங்களிடம் பேக்கப் இருக்கிறது. இல்லையென்றால் ஒரு ஃபோல்டர் இருக்கிறது, அவ்வளவுதான்.

தோற்றால் செய்தி அனுப்பு என்று மட்டும் வைக்காதீர்கள். சர்வரே படுத்துவிட்டால் செய்தி அனுப்ப யார் இருக்கிறார்கள்? வெற்றியானால் வெளியே ஒரு இடத்துக்குச் செய்தி போகட்டும். 25 மணி நேரமாக அந்தச் செய்தி வரவில்லையென்றால் அந்த வெளியிடம் உங்களை எழுப்பட்டும்.

#4 சிற்றோடை

அக்கா, நான் படிப்பு முடித்து முதல் வேலையில் இருக்கிறேன். பேக்கப்பை வேறு சர்வரில் வைத்தால் போதுமா, வேறு ஊரில் வைக்க வேண்டுமா?

#5 பனையோலை

வேறு ஊர்தான் தம்பி. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்கில் கிளவுட் நிறுவனமான ஓவிஎச்சின் தரவு மையம் தீப்பிடித்தது. ஒரு கட்டடம் முழுக்க அழிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் ஒன்றாக இழந்தார்கள்.

இன்னொன்று: பேக்கப் இடத்துக்கு சர்வரில் வைக்கிற சாவி, எழுத மட்டும் அனுமதி உள்ளதாக இருக்கட்டும். அழிக்கும் அனுமதி வேண்டாம். சர்வருக்குள் யாராவது புகுந்துவிட்டால் முதலில் தேடி அழிப்பது பேக்கப்பைத்தான்.

#6 நங்கூரம்

பேக்கப் பற்றி அக்கா சொன்னதற்கு மேல் சேர்க்க எதுவும் இல்லை. நான் டிப்ளாய் பக்கம் வருகிறேன். கட்டுமரத்துக்கு அன்று இரவு இல்லாமல் போனது பேக்கப் மட்டுமல்ல, பின்னால் போக ஒரு வழியும்தான்.

கிட் புல் முறையில் ஓடிக்கொண்டிருக்கும் ஃபோல்டரையே மாற்றுகிறோம். பாதி கோப்பு புதியது, பாதி பழையது என்று ஒரு கணம் வரும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தேதி போட்ட தனி ஃபோல்டர். லைப்ரரிகளும் அந்த ஃபோல்டருக்குள்ளேயே. எல்லாம் தயாரான பிறகு 'நடப்பு' என்ற சிம்லிங்கை (வேறொரு ஃபோல்டரைச் சுட்டும் குறுக்குவழி) புதிய ஃபோல்டருக்குத் திருப்பி, செயலியை ஓட்டும் குனிகார்னை மறுபடி கிளப்புங்கள். பிரச்சினையா, சிம்லிங்கைப் பழையதற்குத் திருப்புங்கள். சில நொடி வேலை. கடைசி ஐந்து ஃபோல்டர்களை வைத்துக்கொண்டு மிச்சத்தை நீக்குங்கள், இல்லையென்றால் டிஸ்க் நிரம்பிவிடும்.

இது கோடுக்கு மட்டும்தான் பொருந்தும். டேட்டாபேஸுக்கு சிம்லிங்க் கிடையாது. அதனால்தான் சேர்ப்பதையும் நீக்குவதையும் ஒரே வெளியீட்டில் செய்யக் கூடாது. முதல் வெளியீட்டில் புதிய டேபிளைச் சேருங்கள், இரண்டிலும் எழுதுங்கள். பழைய தரவை நகர்த்தி, இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா பாருங்கள். அடுத்த வெளியீட்டில் புதியதிலிருந்து மட்டும் படியுங்கள். இரண்டு வாரம் யாரும் புகார் சொல்லவில்லையென்றால் மூன்றாவது வெளியீட்டில் பழையதை நீக்குங்கள். உங்கள் கேஸில் எண்ணிக்கையைப் பார்த்திருந்தால் ஜிஎஸ்டி எண் இல்லாதவர்கள் விடுபட்டது அங்கேயே தெரிந்திருக்கும், பழைய டேபிளும் பத்திரமாக இருந்திருக்கும்.

பகலில் மைக்ரேஷன் ஓட்டுவதாக இருந்தால் லாக் டைம்அவுட்டை (பூட்டுக்காகக் காத்திருக்கும் உச்ச நேரம்) இரண்டு மூன்று நொடிக்கு வையுங்கள். டேபிளை மாற்றும் கட்டளை, ஏற்கெனவே ஓடுகிற ஒரு நீண்ட கொரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) முடியக் காத்திருக்கும். அது காத்திருக்கும் வரை அதற்குப் பின்னால் வருகிற சாதாரணப் படிப்புகளும் வரிசையில் நிற்கும். தளமே செத்த மாதிரி இருக்கும், ஆனால் சிபியு சும்மா கிடக்கும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு மதியம் ஆனது.

பின்வாங்குவதிலும் ஆபத்து உண்டு. 2012 ஆகஸ்ட் 1, நைட் கேபிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம். எட்டு சர்வர்களில் புதிய கோட் போட வேண்டும், ஏழில்தான் போட்டார்கள். எட்டாவதில் பல வருடமாகப் பயன்படாத பழைய கோட் அப்படியே இருந்தது. அந்தப் பழைய கோடை எழுப்பும் கொடியையே (ஒரு வசதியை இயக்கும் சுவிட்ச்) புதிய வசதிக்கும் மறுபடி பயன்படுத்தியிருந்தார்கள். சந்தை திறந்ததும் எட்டாவது சர்வர் கட்டுப்பாடில்லாமல் ஆர்டர் போடத் தொடங்கியது. காரணம் தெரியாமல் அவர்கள் செய்த அவசர வேலை, சரியாக ஓடிய ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய கோடை நீக்கியது. இப்போது எட்டிலும் பழையது விழித்துக்கொண்டது. சுமார் 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நட்டம்.

எனவே பின்வாங்கும் வழியையும் அமைதியான ஒரு நாளில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். செத்த கோடை அன்றைக்கே வெட்டி எறியுங்கள்.

#7 மின்தூக்கி

> டேட்டாபேஸுக்கு சிம்லிங்க் கிடையாது

இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நங்கூரம் அண்ணா, நீங்கள் சொன்ன ஃபோல்டர் ஏற்பாட்டைத்தான் கண்டெய்னர் இன்னும் சுத்தமாகச் செய்கிறது. சோதித்த அதே இமேஜ் (கண்டெய்னர் உருவாகும் பொட்டலம்) அப்படியே சர்வரில் ஓடும். பைத்தான் பதிப்பு, சிஸ்டம் லைப்ரரி எல்லாம் உள்ளே. நாளைக்கே அந்த சர்வர் அடியோடு போய்விட்டால் புதியதை எத்தனை மணி நேரத்தில் எழுப்புவீர்கள்? கையால் நான்கு வருடம் தட்டி வளர்த்த சர்வரில் என்னென்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

#8 நங்கூரம்

நல்ல கேள்வி தம்பி. டாக்கருக்கு நான் எதிரியில்லை, நானும் தினம் பயன்படுத்துகிறேன். ஒற்றை சர்வருக்கு, பல கண்டெய்னர்களை ஒரே கோப்பில் எழுதி ஓட்டும் டாக்கர் கம்போஸ் தாராளம். குபர்னெட்டீஸ்தான் வேண்டாம் என்கிறேன். தனியாள் அதைக் கற்றுப் பராமரிக்கிற நேரத்தில் பத்து முறை மீட்பு ஒத்திகை நடத்திவிடலாம்.

டாக்கருக்குப் போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. கம்போஸ் கோப்பில் போஸ்ட்கிரெஸின் 5432 போர்ட்டை வெளியிட்டால், யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் அதை மூடியிருந்தாலும் உலகத்துக்குத் திறந்தே இருக்கும். டாக்கர் தன் விதிகளை லினக்ஸின் வலைப்பின்னல் வடிகட்டியான ஐபிடேபிள்ஸில் நேரடியாக எழுதிவிடுவதால், யூஎஃப்டபிள்யூ விதிகளுக்கு வருவதற்கு முன்பே வண்டி வேறு பாதையில் போய்விடும். 127.0.0.1 (அந்த சர்வருக்குள் மட்டும்) என்று முன்னால் சேர்த்து எழுதுங்கள், அல்லது வெளியிடவே வேண்டாம். இரண்டாவது, கண்டெய்னர் லாகுகளுக்கு (செயல்பாட்டுப் பதிவுகள்) இயல்பாக அளவு வரம்பு கிடையாது. வரம்பு வைக்காவிட்டால் ஒரு கோப்பு சத்தமில்லாமல் வளர்ந்து டிஸ்க்கையே விழுங்கும். டிஸ்க் நிரம்பினால் போஸ்ட்கிரெஸும் நின்றுவிடும்.

புதிய சர்வரை எழுப்புவது பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. கட்டுமரம், ஒரு வெற்று சர்வரை வாடகைக்கு எடுத்து, பழையதற்குள் எட்டிப் பார்க்காமல் செயலியை அங்கே ஓட வைத்துப் பாருங்கள். எங்கெல்லாம் மாட்டுகிறீர்களோ அதையெல்லாம் ஒரு ஸ்கிரிப்டில் எழுதுங்கள். சர்வரை அமைக்கும் கருவியான அன்சிபிள் தெரிந்தால் அது, இல்லையென்றால் வெறும் ஷெல் போதும்.

#9 வேம்படி

தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் (https) பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தரும் சான்றிதழ் 90 நாள். அதை வாங்கித் தரும் செர்ட்பாட் நிரல் தானாகப் புதுப்பிக்கும் என்று நிம்மதியாக இருந்தேன். அது புதுப்பித்தது உண்மைதான், கோப்பு டிஸ்க்கில் புதியதாக இருந்தது. ஆனால் என்ஜின்எக்ஸ் பழைய சான்றிதழை நினைவில் வைத்துக்கொண்டே ஓடியது, அதை ரீலோட் செய்ய யாரும் சொல்லவில்லை. ஒரு ஞாயிறு காலை எல்லோர் திரையிலும் பாதுகாப்பற்ற தளம் என்ற சிவப்புப் பக்கம். புதுப்பித்த பிறகு ரீலோட் செய்யும் டிப்ளாய் ஹுக்கைக் கட்டாயம் வையுங்கள். சர்வருக்குள் இருக்கும் கோப்பைச் சோதிக்காமல், வெளியிலிருந்து தளத்தை அழைத்துக் காலாவதித் தேதியைப் பாருங்கள்.

காலாவதி நெருங்குகிறது என்று லெட்ஸ் என்கிரிப்ட் அனுப்பி வந்த மின்னஞ்சலையும் 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். பொதுச் சான்றிதழ்களின் உச்ச ஆயுளும் படிப்படியாகக் குறைகிறது: 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். காசு கொடுத்து வருடச் சான்றிதழ் வாங்கிக் கையால் ஏற்றுகிறவர்கள் இப்போதே பழக்கத்தை மாற்றிக்கொள்வது நல்லது.

#10 சிற்றோடை

லாக் பற்றி ஒரு சந்தேகம். டிஸ்க் நிரம்புகிறதே என்று எல்லாவற்றையும் ஒரு வாரத்தில் அழித்துவிடலாமா?

#11 வேம்படி

வேண்டாம். இந்தியாவில் இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி, லாகுகளை 180 நாள் பாதுகாக்க வேண்டும். ஊடுருவல் போன்ற சம்பவங்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் வேண்டும். லாகுகளைச் சுழற்றும் லாக்ரொட்டேட்டில் சுருக்கி, பழையதை விலை குறைந்த சேமிப்பிடத்துக்கு நகர்த்திவிடுங்கள்.

#12 கட்டுமரம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. செய்ததைச் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

பிஜி டம்பை 16-க்கு மாற்றினேன், பைப்ஃபெயில் போட்டேன், பிழைச் செய்தியை மறைப்பதை எடுத்துவிட்டேன். கோப்பு முதல்முறையாகப் பல எம்பியில் வந்தபோது ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் மீட்பு ஒத்திகை தோற்றது. டேபிள்கள் வந்தன, ஆனால் உரிமையாளர் ரோல் (டேட்டாபேஸ் பயனர்) இல்லை என்று வரிவரியாகப் பிழை. தனி டேட்டாபேஸை மட்டும் எடுக்கிற பிஜி டம்ப், ரோல்களை எடுக்காது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. பிஜி டம்ப்ஆல் கொண்டு ரோல்களைத் தனியாக எடுத்துச் சேர்த்தேன். இரண்டாவது ஒத்திகை 11 நிமிடம். கடைசி ஆர்டர் முந்தைய நாள் இரவு 8:52-க்கு. அண்ணன் கடை மூடுவது 9 மணிக்கு, அதனால் அது சரியான பதில்.

அப்புறம் நங்கூரம் அண்ணா சொன்னபடி வெற்று சர்வர். முதல் முறை 2 மணி 40 நிமிடம் ஆனது. இரவு 2 மணிக் கிரான் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. என்ஜின்எக்ஸில் கோப்பு ஏற்றும் அளவை நான் எப்போதோ 20 எம்பி ஆக்கியிருந்தேன், புதியதில் அது 1 எம்பி, பொருள் படங்கள் ஏறவே மறுத்தன. கடைசியாக, எல்லாம் முடிந்தது என்று நினைத்து ஒரு பில்லை பிடிஎஃப் எடுத்தேன். தொகை சரி, வரி சரி. வாடிக்கையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள். பழைய சர்வரில் தமிழ் எழுத்துரு நிறுவியிருந்ததை நான் சுத்தமாக மறந்திருந்தேன். இரண்டாவது முறை ஸ்கிரிப்டோடு செய்தபோது 35 நிமிடம்.

டிப்ளாய் இப்போது சிம்லிங்க் முறை. குபர்னெட்டீஸ் பக்கம் போகவில்லை. விலை டேபிள் மாற்றத்தை மூன்று வெளியீடாகப் பிரித்து மறுபடி தொடங்கியிருக்கிறேன், இப்போது இரண்டிலும் எழுதும் கட்டம். ஒத்திகை நடந்த ஞாயிறு, அண்ணனைக் கூப்பிட்டுப் புதிய சர்வரில் ஒரு ஆர்டர் போட்டுப் பார்க்கச் சொன்னேன். "பழசு மாதிரியேதானே இருக்கு" என்றார்.

#13 பனையோலை

ரொம்பச் சந்தோஷம் தம்பி. எழுத்துரு பேக்கேஜை ஸ்கிரிப்டில் சேர்த்துவிட்டீர்களா?

#14 கட்டுமரம்

சேர்த்தாச்சு அக்கா. ஒத்திகை முடிவில் ஒரு தமிழ்ப் பெயர் போட்ட பில்லும் இப்போது தானாக என் போனுக்கு வருகிறது.